எதையும் கேட்காத ஏழு கட்டம்

"முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு..."

ரத்த வங்கியின் முதல் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்மணி சத்தம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த திரையில் ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஓடி வந்த நர்ஸ் மூச்சிரைக்க நின்றாள். சீட்டை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"நாப்பத்திரண்டு! வந்துட்டாரு மகராசன்!"

திரையில் பை எண் தெரிந்தது. எந்தக் குளிர்பெட்டி, எந்தத் தட்டு என்று கூவிவிட்டு, புதிய சாஃப்ட்வேர் போட வந்து பின்னால் நின்றிருந்த கம்பெனிக்காரரின் பக்கம் நாற்காலியோடு திரும்பினாள்.

"தம்பி, உள்ளே ஒருத்தரு வயித்தைத் திறந்து வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. அவருகிட்டப் போய், வட்டம் சுத்துது, கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு சொல்லிட்டு வர்றீங்களா?"

கம்பெனிக்காரருக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி. "மேடம், இந்த சிஸ்டத்துல எவ்வளவு வசதி இருக்குன்னு நீங்க..."

"வசதி! ரத்தம் குடுத்தவங்களுக்கெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புதாமே? வாங்க வந்தவன் செத்தா என்ன அனுப்பும்? மலர்வளையமா?"

இரண்டாவது ஜன்னலில் இருந்தவர் களுக்கென்று சிரித்தார். ஓயாமல் பேசுகிறவர் என்பதால் அவருக்கு அங்கே ரேடியோ என்று பெயர். அந்தப் பெண்மணிக்கும் ஒரு பெயர் உண்டு: மிளகாய் அக்கா. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் கிடையாது.

அவள் மிளகாயாகப் பிறந்தவள் இல்லை. இருபது வருடங்களுக்கு முன்பு, இதே ஜன்னலுக்கு வெளியே, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். லாரிப் பட்டறையில் வேலை பார்த்த கணவன் மேல் ஜாக்கி நழுவி வண்டி இறங்கிவிட்டது. பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார்கள். உள்ளே ஒரு குமாஸ்தா நான்கு தடித்த பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. வேகமாகத்தான் புரட்டினார். ஆனாலும் மூன்றாவது பதிவேட்டில் அந்த வரி கண்ணில் பட்டபோது இருபத்தைந்து நிமிடம் ஓடிப் போயிருந்தது. பை இருந்தது! மூன்றாவது குளிர்பெட்டியின் அடித்தட்டில், அத்தனை நேரமும் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆள் ஓடியபோது எதிரே ஒரு டாக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதாள், எல்லோரையும் போலத்தான் அழுதாள். ஆனால் ஒரு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்போதிருந்த தலைமை டாக்டர் முன்னால் நின்று, "எனக்கு உங்க அனுதாபம் வேண்டாம். அந்த நோட்டை என்கிட்டக் குடுங்க" என்று கேட்டாளே, அதுதான் மற்றவர்கள் செய்யாதது.

தட்டச்சு வேலை கிடைத்தது. சாயங்காலங்களில் கணினி வகுப்புக்குப் போனாள். மேஜைக்கு அடியில் துண்டை விரித்துக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, மேலே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டாள். ஒரு வருடத்தில் அவளே ஒன்றை எழுதி முடித்தாள். ஒரே ஒரு டேபிள், அதாவது அட்டவணை. அதில் ஏழு கட்டங்கள்: பை எண், குரூப், எடுத்த தேதி, கெடும் தேதி, குளிர்பெட்டி, தட்டு, கடைசியாக 'இருக்கு' அல்லது 'போச்சு'. அவ்வளவுதான். குரூப்பை அடித்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். ஆஸ்பத்திரி முழுவதும் அதற்கு ஏழு கட்டம் என்றே பெயராகிவிட்டது.

அதை அவள் மட்டும்தான் ஓட்டுவாள். அதுதான் அங்கே பழக்கம். சீட்டு எந்த ஜன்னலுக்கு வந்தாலும், வாங்கியவர் "அக்கா, பி பாசிட்டிவ் ரெண்டு!" என்று அவளைப் பார்த்துக் கத்த வேண்டும். அவள் அடித்துப் பார்த்து, 'போச்சு' என்று மாற்றிவிட்டு, தட்டு எண்ணைத் திருப்பிக் கத்துவாள். அவள் விடுப்பு எடுத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கும் வேறு ஒரே ஒருவர்தான் அந்த நாற்காலியில் உட்காருவார். பத்தொன்பது வருடங்கள் அப்படி ஓடின.

இப்போது மேலிடத்திலிருந்து புதிய சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. அதில் ஏழு கட்டம் இல்லை, நூற்று நாற்பது கட்டம். ரத்தம் கொடுத்தவர் சரித்திரம், யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்ற குறிப்பு, யாருக்கு எந்தப் பையை ஒதுக்கி வைத்திருக்கிறது என்ற பட்டியல், வண்ண வண்ணமாய் வரைபடங்கள். ஒரு மாதமாக இரண்டிலும் பதிவு செய்து வருகிறார்கள்; பழகுவதற்காக இந்த வாரம் புதியதில்தான் தேட வேண்டும். வெள்ளிக்கிழமையோடு ஏழு கட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது உத்தரவு.

அதைச் சொல்ல வந்த தலைமை டாக்டரம்மாவிடம் அவள் எழுந்து நின்றே பேசினாள். மரியாதைக்காக அல்ல, கோபத்தில்.

"நிறுத்துங்க டாக்டர். அதுக்கு முன்னாடி என்னை நிறுத்துங்க."

"ஏன் இப்படிப் பேசுறீங்க? புதுசு வந்தா முதல்ல எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்."

"பயமா? எனக்கா? நான் பயப்படறது அந்த நாப்பத்திரண்டு செகண்டுக்கு! சின்னதா, சிக்கனமா இருக்கிறது வேகமா ஓடும். ஊர்ப்பட்ட மூட்டையைத் தலையில ஏத்தினா எது ஓடும்? ரெண்டையும் ஓட விட்டுப் பாருங்க. என்னோடது தோத்தா நானே என் கையால அணைச்சிடுறேன். ஜெயிச்சா?"

டாக்டரம்மா சற்று யோசித்தார். அவரும் அந்த நீல வட்டத்தைப் பார்த்து எரிச்சல் பட்டவர்தான். "ஜெயிச்சா உங்களோடது இருக்கும். மேல நான் பேசிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று முடிவாயிற்று.

இப்படி முடிவான அன்று மாலை வீட்டில் அடுப்படியே கலங்கியது. பாத்திரம் ஒவ்வொன்றும் அதிர்ந்துதான் கீழே இறங்கியது. மேஜைக்கு அடியில் தூங்கிய அந்தக் குழந்தை இப்போது கணினிக் கல்லூரியில் கடைசி வருடம். அம்மாவின் பிடிவாதம் அப்படியே மகளுக்கு வந்திருந்தது.

"அம்மா, சின்னதுன்னாலே வேகம்னு பொத்தாம்பொதுவா பேசாத. உன்னோடது ஏன் வேகமா ஓடுது தெரியுமா? அது யாரையும் ஒரு கேள்வி கேக்காது. நீ யாரு, இதை வேற யாராச்சும் எடுத்துட்டாங்களா, எதுவும் கேக்காது. கேக்காம ஓடினா எதுவும் வேகமாத்தான் ஓடும்."

"வாய் ரொம்ப நீளுதுடீ உனக்கு."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஒரு ஆளு ஓட்டுற வரைக்கும் சரி. நாலு பேரு ஒரே நேரத்துல கை வச்சா?"

"நாலு பேரு ஏன் கை வைக்கணும்? நான் ஒருத்தி போதாதா? பத்தொம்பது வருஷம் போதலையா?" அவள் கரண்டியைக் கீழே போட்டாள். "உங்கப்பாவைக் கொன்னது வண்டி இல்லடீ. தாமதம்! தாமதம்தான் கொன்னுச்சு! அதை எதிர்த்துத்தான் நான் இவ்வளவு நாள் உக்காந்திருக்கேன். நீயும் அவங்க பக்கமா?"

மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். அவள் தட்டிவிட்டாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியே சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை. பந்தயத்துக்காக ரத்த வங்கியை மூட முடியாது. உண்மையான சீட்டுகளை வைத்துத்தான் ஓட வேண்டும். ஏழு கட்டம் சொல்கிற பையை எடுத்துக் கொடுப்பது, அதே சீட்டை உள் அறையில் கம்பெனிக்காரர் புதிய சிஸ்டத்தில் போட்டு எத்தனை செகண்டு என்று பார்ப்பது என்று ஏற்பாடு. டாக்டரம்மா கையில் கைக்கடிகாரத்தோடு நடுவில் நின்றார்.

தொடங்கும் முன் கம்பெனிக்காரர் ஒரு நியாயம் கேட்டார். "எங்க சிஸ்டம் ரெண்டு ஜன்னல்லயும் ஓடும். உங்களோடதும் ரெண்டுலயும் ஓடணும் மேடம். இல்லைன்னா சமமான போட்டி இல்லையே."

"ஓடட்டுமே! ரேடியோ, உன் மெஷின்லயும் ஏழு கட்டத்தைத் திற. நீயும் நானும் சேர்ந்து அடிக்கிறோம்."

"அக்கா, பத்தொம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு யோகம் அடிச்சிருக்கு!"

'நீயும் நானும் சேர்ந்து' என்ற அந்த ஒரு வாக்கியத்தில் தன் பழக்கத்தைத் தானே உடைத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கோபத்தில் இருப்பவர்களுக்கு எது உறைக்கிறது?

சீட்டுகள் வந்தன. ஏழு கட்டம் அரை செகண்டில் பதில் சொன்னது. உள் அறையில் நாற்பது, நாற்பத்து மூன்று, ஒரு தடவை ஐம்பத்தொன்று. ஒவ்வொரு முறையும் ரேடியோ கிரிக்கெட் வர்ணனை போலக் கத்தினார். பதினொன்றரைக்குள் முப்பத்தெட்டு சீட்டுகள் ஆகிவிட்டன. கம்பெனிக்காரரின் காது மடல்கள் சிவந்துவிட்டன. டாக்டரம்மா கைக்கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "போதும், தெரிஞ்சு போச்சு" என்றார். நர்ஸ்கள் கை தட்டினார்கள். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதை அங்கே பாதிப் பேர் அன்றுதான் முதல் தடவை பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் குளிர்பெட்டி அறையிலிருந்து டெக்னீஷியன் வந்தார். அவர் கையில் ஒரே ஒரு பை. இன்னொரு கையில் இரண்டு சீட்டுகள்.

"அக்கா, இதென்ன கூத்து? ரெண்டு சீட்டுலயும் ஒரே பை எண் எழுதியிருக்கு. ஓ நெகட்டிவ். ஒண்ணு நீங்க எழுதினது, இன்னொண்ணு ரேடியோ எழுதினது. நான் யாருக்குக் குடுக்க?"

முதல் ஜன்னலில் ஆபரேஷன் தியேட்டரின் ஆள். இரண்டாவது ஜன்னலில் பிரசவ வார்டிலிருந்து வந்த ஆயா. இரண்டு கைகளும் உள்ளே நீண்டிருந்தன.

மிளகாய் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நொடியில் தேடியிருக்கிறார்கள். இருவருக்கும் 'இருக்கு' என்று காட்டியிருக்கிறது. இருவருமே 'போச்சு' என்று மாற்றியிருக்கிறார்கள். ஏழு கட்டம் இருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று வாங்கிக்கொண்டது. இத்தனை வருடம் இப்படி நடக்காததற்குக் காரணம் அந்த டேபிள் இல்லை. அவள்தான் கதவாக, பூட்டாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்!

"இன்னொரு பை! இன்னொரு ஓ நெகட்டிவ் பாரு!" என்று கத்திக்கொண்டே அவளே அடித்தாள். அரை செகண்டில் பதில் வந்தது. இல்லை. மறுபடியும் அடித்தாள். அரை செகண்டு. இல்லை.

"யம்மா, அங்க புள்ளத்தாச்சிக்கு ரத்தம் நிக்கலம்மா" என்றாள் ஆயா.

மிளகாய் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு உள் அறைக்கு ஓடினாள். "தம்பி! உன்னோடதுல ஓ நெகட்டிவ் போடு!"

நீல வட்டம் சுற்றத் தொடங்கியது. ரேடியோ கூடப் பேசவில்லை. அவள் எண்ணவும் இல்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வட்டத்தைப் பெற்றவனையும் அவன் வம்சத்தையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே, அதே வட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது. ஓ நெகட்டிவ், ஒரு பை, இரண்டாவது குளிர்பெட்டி, நான்காவது தட்டு. நேற்று ஒரு ஆபரேஷனுக்காக ஒதுக்கி வைத்தது. ஆபரேஷன் ரத்தானதால் இன்று காலை ஒதுக்கீடு தானாகவே நீங்கிவிட்டது.

ஏழு கட்டத்தில் ஒதுக்கி வைக்க இடமே கிடையாது. ஒதுக்கும் போதே 'போச்சு' என்று எழுதிவிடுவது வழக்கம். வேண்டாம் என்று வார்டிலிருந்து சீட்டு வந்தால்தான் மறுபடி 'இருக்கு' ஆகும். அந்தச் சீட்டு இன்னும் வந்து சேரவில்லை.

டெக்னீஷியன் ஓடினார். ஆயா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். அரை மணி நேரம் கழித்து பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. கம்பெனிக்காரர் மேடம் என்று ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாய் திறந்தார். அவ்வளவுதான், மடை உடைந்தது.

"என்ன மேடம்? எதுக்கு மேடம்? பதில் உன் கையில இருந்திருக்கு! சரியான பதில்! அதைச் சொல்ல உனக்கு எதுக்குடா நாப்பத்திரண்டு செகண்டு? அந்த நேரத்துல ஒரு உசிரு போயிருந்தா? திற! உள்ளே என்னதான் பண்ணுதுன்னு எனக்கு இப்பவே காட்டு!"

"மேடம், அது வசதிகள் நிறைய இருக்கிறதால... கோரிக்கை எழுதிக் குடுத்தீங்கன்னா ரெண்டு வாரத்துல பார்த்து..."

"ரெண்டு வாரமா? திறடா!"

திறந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறந்தநாள் வாழ்த்து குற்றவாளி இல்லை. அது விடியற்காலையில் தனியாக ஓடியது. யார் பார்த்தார்கள் என்று குறித்து வைப்பதற்கு அரை செகண்டு கூட ஆகவில்லை. வரைபடங்களை யாரும் திறக்காதவரை அவை சும்மா கிடந்தன. இத்தனை நாள் அவள் திட்டித் தீர்த்த வசதிகள் ஒவ்வொன்றாகத் தப்பித்துக்கொண்டே போனதில் அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. கடைசியில் ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.

"இங்க நில்லு. பையை யாராவது ஒதுக்கி வச்சிருக்காங்களான்னு பார்க்குற இடம்தானே இது? இந்த டேபிள்ல பை எண்ணை எழுத்தா வச்சிருக்கீங்க. அந்த டேபிள்ல எண்ணா வச்சிருக்கீங்க. ரெண்டும் எப்படிப் பொருந்தும்?"

கம்பெனிக்காரர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"பொருந்தாது. அதனால தேடுறதுக்குன்னே வரிசைப்படுத்தி வச்ச இன்டெக்ஸைத் தொடவே இல்ல. மூணு லட்சம் வரியையும் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பார்க்குது. தலைமாட்டில அகராதியை வச்சுக்கிட்டு, முதல் பக்கத்துல இருந்து வரி வரியாப் படிக்குது! வசதி தின்னுச்சுன்னு சொன்னியே, வசதி தின்னலடா. உங்க கவனக்குறைவு தின்னுச்சு!"

"மேடம்..." அவர் தயங்கினார். "அந்த டேபிள் உங்க ஏழு கட்டத்துல இருந்து அப்படியே எடுத்தது. எழுத்தா வச்சது... நீங்கதான்."

உண்மைதான். பை எண்ணின் முன்னால் வரும் சுழியங்கள் அழிந்துவிடக் கூடாது என்று பத்தொன்பது வருடத்துக்கு முன் அவளேதான் அதை எழுத்தாக வைத்தாள். ஒரே டேபிள் இருந்தவரை அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

"நான் வச்சா?" அவள் குரல் தாழ்ந்தது, சூடு தாழவில்லை. "நான் எதுக்கு வச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு மாசமா எனக்குப் பின்னாலயே நின்னியே, கேட்டியா? நானும் உன்னை ஒண்ணும் கேக்கல. திட்டத்தான் செஞ்சேன்."

சாயங்காலம் நான்கு மணிக்கு, முழு நகலும் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணாக வைத்திருந்த டேபிளிலும் பை எண்ணை எழுத்தாக மாற்றினார்கள். மறுபடி தேடினார்கள். ஒன்றரை செகண்டு.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். "நான் வாக்குக் குடுத்திருக்கேன். நேத்து ஓட்டத்துல ஜெயிச்சது உங்களோடதுதான். இன்னிக்கும் அதுதான் வேகம். நீங்க விரும்பினா ஏழு கட்டம் இருக்கட்டும்."

"ஜெயிச்சுட்டா?" அவள் சீறினாள். "ஒரே பையை ரெண்டு பேருக்கு எழுதிக் குடுத்துட்டு ஜெயிச்ச ஜெயம், எனக்கெதுக்கு டாக்டர்? இத்தனை வருஷம் அதுக்கு நான் பூட்டா இருந்தேன். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து, பதிலுக்கு உக்காந்தவரு ரெண்டு மெஷினைத் திறந்திருந்தா? நினைச்சா உடம்பெல்லாம் எரியுது. வேகமா ஓடுதுன்னு மார்தட்டினேனே தவிர, எதை விட்டுட்டு ஓடுதுன்னு பார்த்தேனா?"

"அதுக்காக உங்களை நீங்களே..."

"விடுங்க டாக்டர். சமாதானம் சொல்லாதீங்க. எனக்குப் பிடிக்காது."

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு கட்டத்தைக் கடைசித் தடவையாகத் திறந்தாள். கடைசி வரிவரை கீழே இறக்கிப் பார்த்தாள். நகல் எடுத்து, உறையில் போட்டு, மேலே தேதி எழுதினாள். பிறகு தன் மெஷினிலும் ரேடியோவின் மெஷினிலும் அதை அழித்தாள். எழுந்து கழிப்பறைக்குப் போனாள். கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. உள்ளே குழாயைத் திறந்து விட்டிருந்தாள். ஆனாலும் வெளியே வரிசையில் நின்ற நர்ஸ்களுக்குக் கேட்டது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கம்பெனிக்காரர் தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்றார்.

"ரொம்ப நன்றி மேடம். ஒன்றரை செகண்டுங்கிறது நாங்க எங்கயுமே தொடாத வேகம்."

"அரை செகண்டுல வந்துக்கிட்டு இருந்ததை அழிச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள் அவள். "மீதி ஒரு செகண்டு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும். டீயை வச்சுட்டு உக்காரு."

அவர் உட்கார்ந்தார்.